தளம் போடும் முன் வர வேண்டிய வரைபடம்: தீ எச்சரிக்கை அமைப்பு பற்றிய கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தீ எச்சரிக்கை அமைப்பின் வடிவமைப்பைப் பற்றியும், அதற்கென ஆலோசகரை அமர்த்துவதைப் பற்றியும் கட்டட ஒப்பந்ததாரர்கள் எழுதியவை. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில், தெளிவாக எழுதப்பட்டிருந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் 17 மீட்டர் உயரமுள்ள வணிக வளாகம் ஒன்றைக் கட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். தங்களிடமே கருவிகளை வாங்கினால் தீ எச்சரிக்கை அமைப்பின் வரைபடத்தை இலவசமாகவே போட்டுத் தருவதாக விற்பனை நிறுவனம் ஒன்று சொல்கிறது. அப்படியிருக்கத் தனியாக ஓர் ஆலோசகருக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?
— கட்டட ஒப்பந்ததாரர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் உயரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பதன்படி 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடமே உயர்மாடிக் கட்டடம் ஆகும். தேசியக் கட்டட விதித்தொகுப்போ, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், 15 மீட்டரை எட்டிய கட்டடத்தையே அந்த வகையில் சேர்த்துவிடுகிறது. உங்கள் 17 மீட்டர் இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. எந்த அனுமதியை எந்த அலுவலகத்தில் பெற வேண்டும் என்பதை மாநில விதி முடிவு செய்யும். ஆனால் ஐந்தாம் தளத்தில் நிற்பவர் படியிறங்கி வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்த விதியின் எல்லைக்கோடும் மாற்றிவிடாது. எனவே உங்கள் கட்டடத்தைத் தேசிய விதித்தொகுப்பில் தீப் பாதுகாப்பைப் பற்றிய நான்காம் பகுதி கேட்கும் அளவுக்கே வடிவமைக்கச் சொல்லுங்கள் என்பது என் கருத்து.

இனி இலவச வரைபடத்துக்கு வருவோம். நான் பார்த்த இலவச வரைபடங்களில் பெரும்பாலானவை, கட்டடக் கலைஞரின் தளப்படத்தின் மேல் சிறு வட்டங்களை இட்டு, ஓரத்தில் கருவிகளின் எண்ணிக்கையை எழுதியவை மட்டுமே. அந்த வட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு அவற்றில் காரணம் இருப்பதில்லை. வடிவமைப்பு என்பது கேள்விகளிலிருந்து தொடங்குவது. இரவில் யாரேனும் உறங்குவார்களா, தரைத் தளத்தில் சமையல் உண்டா, மேல் தளங்களை வாடகைக்கு எடுப்பவர்கள் பின்னர் தடுப்புச் சுவர் எழுப்புவார்களா, ஃபால்ஸ் சீலிங் எந்த உயரத்தில் வருகிறது, குளிர்சாதனம் ஒவ்வோர் அறைக்கும் தனியா அல்லது மையமாகவா, இரவு பத்து மணிக்குப் பேனல் (எச்சரிக்கை வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) அருகே யார் இருப்பார்கள் என்பன போன்ற கேள்விகளைக் கேட்காமல் வட்டம் இடுபவர், அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், ஊகித்துத்தான் இடுகிறார்.

விற்பவரே வரையும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. போட்டி இல்லாத இடத்தில் கருவிகளின் எண்ணிக்கை கூடும். மூன்று நிறுவனங்கள் விலை கொடுக்கும் இடத்தில் அதே எண்ணிக்கை குறையும். இரண்டிலும் கட்டடத்தின் தேவை அளவுகோலாக இருப்பதில்லை. மேலும், ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் தந்து எது இயங்கியது என்று காட்டும் முகவரியிட்ட அமைப்புகளில், ஒரு நிறுவனத்தின் பேனல் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் டிடெக்டர்களோடு (புகையையோ வெப்பத்தையோ உணரும் கருவிகள்) மட்டுமே பேசும். எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு டிடெக்டர் பழுதானால் சந்தையில் வேறு எதையும் வாங்கி அங்கே மாட்ட இயலாது. உதிரிப் பொருள் எவ்வளவு காலம் கிடைக்கும், பேனலுக்கான மென்பொருளும் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கும் என்பதை வாங்கும் முன்னரே எழுத்தில் பெற்றுத் தருவது ஆலோசகரின் வேலை.

ஆலோசகரிடமிருந்து நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை இவை: ஒவ்வொரு தளத்துக்கும் கருவிகளின் இடமும் கம்பிப் பாதையும் காட்டும் வரைபடம், கட்டடம் முழுவதற்குமான இணைப்புப் படம், பாட்டரிக் கணக்கு, மின்னழுத்த இழப்புக் கணக்கு, எந்தக் கருவி அலறினால் எது நிற்க வேண்டும், எது ஓட வேண்டும் என்று சொல்லும் அட்டவணை, பொருள் பட்டியல், சோதனை முறை. அவர் கட்டுமான இடத்துக்கு எத்தனை முறை வருவார், இறுதிச் சோதனையில் நேரில் நிற்பாரா, கட்டடக் கலைஞர் தளப்படத்தை மாற்றினால் திருத்திய வரைபடத்துக்குத் தனிக் கட்டணமா என்பனவும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கட்டணத்தை மொத்தத் தொகையாகப் பேசுங்கள். கருவிகளின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று பேசினால், கருவிகள் கூடக்கூட ஆலோசகரின் வருமானமும் கூடும் என்ற தவறான தூண்டுதலை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள்.

அவரை எப்போது அழைப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. முதல் தளத்தின் கான்கிரீட்டுக்கு இரும்புக் கம்பி கட்டும் முன் அவருடைய வரைபடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தங்கும் விடுதி ஒன்றில், ஆறு தளங்களும் முடிந்து வண்ணப் பூச்சு நடந்துகொண்டிருந்தபோது என்னை அழைத்தார்கள். தளத்துக்குள் பைப் எதுவும் பதிக்கப்படவில்லை; கம்பி மேலேறுவதற்கான தனித் தடமும் விடப்படவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட அறைகளில் சுவரைக் கொத்தினார்கள். அந்தச் செலவு என் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, மேலேறும் கம்பியும் கீழிறங்கும் கம்பியும் ஒரே தடத்தில் போக நேர்ந்ததுதான். ஒரு தீ இரண்டையும் ஒன்றாக அறுத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே தளத்தில் நான்கைந்து அறைகள் கொண்ட கடைக்கோ சிறு அலுவலகத்துக்கோ ஆலோசகர் தேவையில்லை. அனுபவமுள்ள நிறுவுநர் ஒருவர், எந்தப் பகுதியில் தீ என்று மட்டும் காட்டும் சாதாரண மண்டலப் பேனல் ஒன்றைக் கொண்டு அதைச் சரியாகவே செய்து முடிப்பார்.

கேள்வி: 30 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உள்ள ஜவுளி விற்பனைக் கூடத்துக்கு, 100 சதுர மீட்டருக்கு ஒரு புகை டிடெக்டர் என்ற கணக்கில் ஆறு போதும் என்கிறார் எங்கள் மின் ஒப்பந்ததாரர். ஆலோசகர் பத்து வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
— கட்டுமானப் பொறியாளர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த குறுக்குவெட்டுப் படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால், நானும் ஆறு என்றே சொல்லியிருப்பேன்.

பரப்பளவுக் கணக்கு ஒரு மதிப்பீட்டுக்கு உதவும். இடம் குறிக்க உதவாது. தீ எச்சரிக்கை அமைப்புக்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலையான ஐ.எஸ். 2189 தொலைவை வைத்தே கணக்கிடச் சொல்கிறது. தட்டையான கூரையின் கீழ், கூடத்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் அருகிலுள்ள புகை டிடெக்டர் 7.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வெப்ப டிடெக்டராக இருந்தால் 5.3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் கூடத்தை நீளவாக்கில் மூன்றாகவும் அகலவாக்கில் இரண்டாகவும் பிரித்தால், 10 மீட்டருக்கு 9 மீட்டர் என்ற அளவில் ஆறு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு டிடெக்டர் வைத்தால் கட்டத்தின் மூலை 6.73 மீட்டர் தொலைவில் இருக்கும். கூரை தட்டையாக இருந்தால் ஆறு போதும் என்பது இப்படித்தான் வருகிறது.

ஆனால் உங்கள் கூரை தட்டையாக இல்லை. நான்கு மீட்டர் உயரத்திலுள்ள தளத்தின் அடியில், ஆறு மீட்டருக்கு ஒன்றாக 600 மில்லிமீட்டர் ஆழமுள்ள பீம்கள் குறுக்கே போகின்றன. புகை சூடாக மேலெழுந்து, தளத்தின் அடியில் படர்ந்து, பீமைத் தொட்டதும் தேங்கும். அந்தப் பள்ளம் நிறைந்த பிறகே வழிந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும். பீமின் ஆழம் கூரை உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதைச் சுவராகவே கொள்வது வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் முறை. உங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு 400 மில்லிமீட்டர், பீமோ 600. ஆகவே கூடம், ஆறு மீட்டர் அகலமும் 18 மீட்டர் நீளமும் கொண்ட ஐந்து தனி அறைகளாகிவிடுகிறது. ஒவ்வொன்றிலும் நடுவே ஒரே ஒரு டிடெக்டர் வைத்தால் மூலை ஒன்பது மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். இரண்டு வைத்தால் ஏறத்தாழ 5.4 மீட்டருக்கு வந்துவிடும். ஐந்து பள்ளங்களுக்கு இரண்டு வீதம் பத்து. ஆலோசகர் சொன்னதே சரி.

உட்புற அலங்காரம் செய்பவர் பீம்களுக்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறார் என்றால், இந்தக் கணக்கையே மறுபடியும் போட வேண்டும். சீலிங்குக்குக் கீழே தட்டையான கூரை கிடைத்துவிடும் என்பதால் அங்கே ஆறு போதும்; ஆனால் சீலிங்குக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட வெளி 800 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதற்குள்ளும் டிடெக்டர் வேண்டும். அங்கேயும் பீம்கள் குறுக்கே நிற்கின்றன என்பதை மறக்கக் கூடாது. மேலே மறைந்திருக்கும் ஒவ்வொரு டிடெக்டருக்கும் கீழே கண்ணில் படும்படி ஒரு ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர் (அந்த டிடெக்டர் இயங்கினால் எரியும் சிறு விளக்கு) வைக்கச் சொல்லுங்கள். இல்லையெனில் எது அலறுகிறது என்று தேடுவதற்காகச் சீலிங் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். சுவரிலிருந்து அரை மீட்டருக்குள்ளும், குளிர்காற்று வெளிவரும் வாயிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளும் டிடெக்டரைப் பொருத்த வேண்டாம். துணி அடுக்கும் ரேக்குகள் கூரையை ஏறத்தாழத் தொடும் உயரத்துக்கு வந்தால் அவையும் தடுப்புச் சுவர்களாகிவிடும் என்பதையும் கடை உரிமையாளரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகர், உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்றில் பிடித்த தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, எஞ்சியதை இடிக்க வேண்டியதாயிற்று. துணிக் கடையில் எரியக்கூடிய பொருள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தீ பிடித்த முதல் சில நிமிடங்கள் கைநழுவினால் பின்னர் செய்யக்கூடியது மிகக் குறைவு. நான்கு டிடெக்டர்களின் விலையை அந்த நிமிடங்களோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் கட்டிக் கொடுத்த மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை பொய்யாக அலாரம் அடிக்கிறது. செவிலியர்கள் எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஹூட்டரையே அணைத்து வைத்துவிட்டார்கள். கருவி தரமற்றது என்று உரிமையாளர் எங்கள் மீது குறை சொல்கிறார்.
— ஒப்பந்த நிறுவனப் பங்குதாரர், திருச்சிராப்பள்ளி

பதில்: கருவியைக் குறை சொல்லும் முன் பேனலின் நிகழ்வுப் பதிவை எடுத்து, எந்த டிடெக்டர், எந்த நேரத்தில் அலறியது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கைந்து டிடெக்டர்களே திரும்பத் திரும்ப வரும். அவை இருக்கும் இடத்துக்குப் போய் நின்றால் காரணம் தெரிந்துவிடும். வெந்நீர் அறையின் கதவுக்கு நேர் மேலே ஒன்று, கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் அறையில் ஒன்று, உணவு சூடாக்கும் இடத்தில் ஒன்று, வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடும் வரவேற்பறைச் சாமி படத்துக்கு அருகே ஒன்று என்று இருக்கும். இவை எல்லாம் புகை டிடெக்டர் வைக்கத் தகாத இடங்கள். உணவு சூடாக்கும் இடத்திலும் வெந்நீர் அறையிலும், குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டினால் மட்டும் இயங்கும் வெப்ப டிடெக்டர் வேண்டும். வெப்பம் வேகமாக ஏறுவதை வைத்து இயங்கும் வகையை அங்கே வைத்தால், அடுப்பைப் பற்ற வைத்தாலும் கதவைத் திறந்தாலும் அலறும்.

கட்டடம் முழுவதும் பரவலாக, ஒழுங்கின்றி அலறுகிறது என்றால் காரணம் வேறு. அது நம்மிடமே இருக்கக்கூடும். டிடெக்டர்களைப் பொருத்திய பிறகு சுவர் தேய்த்தார்களா, பட்டி பூசினார்களா, தரைக் கல்லை அறுத்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். புகை டிடெக்டரின் உள்ளே ஒளி சிதறுவதை வைத்தே புகை அறியப்படுகிறது. நுண்ணிய தூசியும் ஒளியைச் சிதறடிக்கும். டிடெக்டரோடு வரும் தூசி மூடியைக் கட்டடம் சுத்தம் செய்யப்படும் வரை கழற்றக் கூடாது. அதைவிட நல்லது, டிடெக்டர் மாட்டும் அடிப்பகுதியை மட்டும் பொருத்திவிட்டு டிடெக்டரை ஒப்படைப்புக்குச் சற்று முன்னர் மாட்டுவது. தூசி புகுந்தவற்றைத் தயாரிப்பாளர் சொல்லும் முறையில் சுத்தம் செய்யுங்கள். தேறாதவற்றை மாற்றிக் கொடுங்கள். இந்தச் செலவை நீங்கள் ஏற்பதே முறை.

ஹூட்டரை அணைத்து வைத்திருப்பதை ஒரு நாள் கூட நீடிக்க விடாதீர்கள். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில், அடித்தளத்தில் தொடங்கிய தீயின் புகை குளிர்சாதனத் தடங்கள் வழியாகவும் மேல் தளங்களுக்குப் பரவி, ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாமாக எழுந்து நடக்க இயலாத நோயாளிகள். மருத்துவமனையில் அலாரம் ஒலிப்பது நோயாளியை ஓடச் செய்வதற்காக அன்று. அவரைத் தூக்கிச் செல்ல வேண்டிய பணியாளருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதற்காக. ஆகவே ஒரே டிடெக்டர் இயங்கினால் முதலில் அந்தத் தளத்துச் செவிலியர் மேசையிலும் பாதுகாப்பு அறையிலும் மட்டும் தெரிவித்து, குறித்த நிமிடங்களுக்குள் யாரும் போய்ப் பார்த்து உறுதி செய்யாவிட்டாலோ, இரண்டாவது டிடெக்டர் இயங்கினாலோ, யாரேனும் சுவரிலுள்ள கையால் இயக்கும் பெட்டியை அழுத்தினாலோ முழு அலாரம் ஒலிக்கும்படி ஆலோசகரிடம் இருகட்ட முறையை எழுதி வாங்குங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பேரொலிக்குப் பதிலாக ஒளிரும் விளக்கும், பணியாளருக்கான அறிவிப்பும் போதும். அலாரம் நம்பத்தக்கதாகிவிட்டால் செவிலியர்கள் அதை அணைக்க மாட்டார்கள்.

கேள்வி: அலாரம் அடித்தால் லிஃப்ட் தரைத் தளத்துக்கு வர வேண்டும் என்று தீயணைப்புத் துறையினர் ஆய்வில் கேட்டார்கள். அது தங்கள் வேலை இல்லை என்கிறது அலாரம் நிறுவனம். தங்களுக்குச் சமிக்ஞை வரவில்லை என்கிறது லிஃப்ட் நிறுவனம். நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
— முதன்மை ஒப்பந்ததாரர், சென்னை

பதில்: இரு நிறுவனங்களும் தத்தம் ஒப்பந்தத்தின்படி உண்மையையே சொல்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள சில மீட்டர் கம்பி யாருடைய பொருள் பட்டியலிலும் இல்லை என்பதுதான் குறை. வடிவமைப்பு ஆலோசனையில் ஒப்பந்ததாரருக்கு மிகுந்த பயன் தரும் பகுதி இதுவே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அலாரம் அடிப்பதோடு அமைப்பின் வேலை முடிவதில்லை. தீ அறியப்பட்டதும் லிஃப்ட் தரைத் தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும்; மையக் குளிர்சாதனத்தின் காற்று வழங்கும் இயந்திரங்கள் நிற்க வேண்டும்; படிக்கட்டுக்குள் புகை புகாமல் காற்றழுத்தம் தரும் விசிறிகள் ஓடத் தொடங்க வேண்டும்; அட்டை காட்டித் திறக்கும் கதவுகள் பூட்டு விட வேண்டும்; சமையலறைக்குப் போகும் எரிவாயு அடைபட வேண்டும். மறுபக்கம், தெளிப்பான் குழாயில் நீர் ஓடினால் எந்தத் தளத்தில் ஓடுகிறது என்பதும், தீயணைப்பு பம்ப் தானியங்கி நிலையில் இருக்கிறதா என்பதும் பேனலுக்குத் தெரிய வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு துணை ஒப்பந்ததாரரின் எல்லைக்குள் வருகிறது.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பிடித்த தீயில் ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் மீட்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. புகை சூழும்போது லிஃப்டுக்குள் சென்றவருக்கு அதுவே பொறியாகிவிடுகிறது. தீயணைப்புத் துறையினர் லிஃப்டைப் பற்றி விடாமல் கேட்பதன் பொருள் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஆலோசகரைக் கொண்டு ஒரு பக்க அட்டவணை தயாரிப்பது. இடப்பக்கம் நிகழ்வுகள்: எந்தத் தளத்து டிடெக்டர், எந்தத் தளத்துக் கையியக்கப் பெட்டி, எந்தக் குழாயில் நீரோட்டம். மேல் வரிசையில் விளைவுகள்: எந்த லிஃப்ட், எந்த விசிறி, எந்தக் கதவு. சந்திக்கும் கட்டங்களில் குறி. இதற்கு அடியில் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: ரிலே மாட்யூலை (பேனலின் ஆணையைப் பிற கருவிகளுக்குக் கடத்தும் சிறு இணைப்புக் கருவி) யார் தருகிறார், அங்கிருந்து லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை கம்பி இழுப்பது யார், பெட்டிக்குள் முனையில் இணைப்பது யார். அலாரம் நிறுவனம், லிஃப்ட் நிறுவனம், குளிர்சாதன நிறுவனம், கதவுப் பூட்டு நிறுவனம் ஆகிய அனைவரும் அந்த ஒரே தாளில், பணி ஆணை கொடுக்கும் முன், கையெழுத்திட வேண்டும். பணி ஆணை கொடுத்த பிறகு கேட்டால் கூடுதல் வேலை என்று விலை சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல இயலாது.

இன்னும் ஒன்று. கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் அட்டவணை சொல்ல வேண்டும். கதவுப் பூட்டு, மின்சாரம் இருக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்து, கம்பி அறுந்தாலோ மின்சாரம் போனாலோ தானே விட்டுவிடும் வகையாக இருக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தால்தான் திறக்கும் பூட்டை வெளியேறும் வழியில் பொருத்தியிருப்பதை நான் பலமுறை கண்டு மாற்றச் சொல்லியிருக்கிறேன். உங்கள் இப்போதைய சிக்கலுக்கு, இரு நிறுவனங்களின் பொறியாளர்களையும் ஒரே நாளில் லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன்னே நிறுத்துங்கள். கம்பி இழுக்கும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால், இணைப்பு வேலை அரை நாளில் முடிந்துவிடும்.

கேள்வி: எஃப்.ஆர்.எல்.எஸ். கம்பி போட்டால் தீயிலும் ஹூட்டர் ஒலிக்கும் அல்லவா? 300 மீட்டர் தொலைவிலுள்ள ஹூட்டர்கள் மெலிதாக ஒலிப்பதற்கு என்ன காரணம்?
— மின் துணை ஒப்பந்ததாரர், ஈரோடு

பதில்: ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. எஃப்.ஆர்.எல்.எஸ். கம்பி தீயைப் பரப்பாது, குறைவாகப் புகைவிடும், அவ்வளவே. நெருப்பு நடுவே தொடர்ந்து மின்சாரம் கடத்தும் என்ற பொருள் அதற்கு இல்லை. அதற்கென மைக்கா நாடா சுற்றியோ சிலிக்கோன் உறையிட்டோ செய்யப்படும் தீத்தாங்கும் கம்பி தனியாக உண்டு. தீ பிடித்த பகுதியைக் கடந்து சென்று மற்றத் தளங்களில் ஒலிக்க வேண்டிய ஹூட்டர்களுக்கும், விசிறிக்கும் லிஃப்டுக்கும் போகும் இணைப்புகளுக்கும் அதைப் போடுங்கள். 230 வோல்ட் கம்பியோடு ஒரே பைப்பில் இவற்றைச் செலுத்தவும் வேண்டாம்.

மெலிதாக ஒலிப்பதற்குக் காரணம் மின்னழுத்த இழப்பு. நீங்கள் எழுதியபடி 24 ஹூட்டர்கள், ஒன்றுக்கு 25 மில்லி ஆம்பியர் வீதம், 0.6 ஆம்பியர் இழுக்கின்றன. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக 300, வர 300 என்று 600 மீட்டருக்கு 7.26 ஓம், அதில் 0.6 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 4.4 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். பேனல் 24 வோல்ட் தரும்போது இது பெரிதாகத் தெரியாது. மின்வெட்டில் பாட்டரி இறங்கி 20.4 வோல்ட்டுக்கு வந்திருக்கும்போது, கடைசி ஹூட்டருக்கு 16 வோல்ட்தான் கிடைக்கும். பல ஹூட்டர்களுக்கு அது இயங்கும் எல்லையின் விளிம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருந்தால் மின்தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓமாகக் குறைந்து, இழப்பு 2.7 வோல்ட்டோடு நிற்கும். அல்லது ஹூட்டர்களை இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரித்துவிடலாம்.

பாட்டரியையும் இதே போலக் கணக்கிட்டே வாங்க வேண்டும். அலாரம் இல்லாத நேரத்தில் பேனல் 0.45 ஆம்பியர் எடுக்கிறது, அதை 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் 10.8 ஆம்பியர்-மணி. அதன் பிறகும் அரை மணி நேரம் 2.2 ஆம்பியரில் ஒலிக்க வேண்டும் என்றால் மேலும் 1.1. கூட்டினால் 11.9; பாட்டரி முதுமையடைவதற்காக நான்கில் ஒரு பங்கு சேர்த்தால் 14.9. எனவே அடுத்த அளவான 17 அல்லது 18 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். பேனலோடு வந்ததே போதும் என்று 7 ஆம்பியர்-மணி பாட்டரியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அமைப்பை உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது எவற்றையெல்லாம் சோதித்துக் காட்ட வேண்டும்?
— கட்டட ஒப்பந்ததாரர், திருநெல்வேலி

பதில்: ஒவ்வொரு டிடெக்டரையும். பத்தில் ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றவை சரியாக இருக்கும் என்று கையெழுத்திடக் கூடாது. ஊதுவத்தி கொளுத்திக் காட்டுவதும் காகிதம் எரிப்பதும் வேண்டாம். அவற்றின் பிசுக்கு உள்ளே படியும். இதற்கென விற்கும் சோதனைப் புகைக் குப்பியைப் பயன்படுத்துங்கள். காந்தத்தைக் காட்டி விளக்கு எரிவதைப் பார்ப்பது கருவியின் மின்சுற்றை மட்டுமே சோதிக்கும். புகை உள்ளே நுழைகிறதா என்பதை அது சொல்லாது.

ஒலியை அளவியால் அளந்து எழுதுங்கள். எங்கும் 65 டெசிபலுக்குக் குறையாமலும், இரைச்சல் மிகுந்த இடத்தில் அந்த இரைச்சலைவிட 5 டெசிபல் கூடுதலாகவும், உறங்கும் அறைகளில் கதவை மூடிய நிலையில் தலையணை அருகே 75 டெசிபலும் இருக்க வேண்டும். விடுதிகளில் நடைவழி ஹூட்டரை மட்டும் நம்பிய வடிவமைப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. கதவைத் திறந்து வைத்து அளந்துவிட்டுப் போகிறவர்களை அனுமதிக்காதீர்கள். அதன் பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டரியில் எல்லா ஹூட்டர்களையும் ஒலிக்க விட்டு, முன்னர் சொன்ன அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் சரிபாருங்கள்.

கட்டப்பட்டபடியே திருத்திய வரைபடம், சோதனைப் பதிவு, பேனலின் கடவுச்சொல், உதிரி டிடெக்டர்கள், வாரந்தோறும் ஒரு கையியக்கப் பெட்டியை முறை வைத்துச் சோதித்து எழுத வேண்டிய பதிவேடு ஆகியவற்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பேனலின் திரையில் வரும் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வளையம் ஒன்று, கருவி நாற்பத்தேழு’ என்று வந்தால் இரவுக் காவலருக்கு ஒன்றும் புரியாது. ‘மூன்றாம் தளம், வடக்குப் படிக்கட்டு அருகே, துணிக் கிடங்கு’ என்பதுபோல ஒவ்வொரு கருவிக்கும் இடப்பெயரை ஆலோசகரே எழுதித் தர வேண்டும். பேனலில் தமிழ் எழுத்து வராவிட்டால், அதே பெயர்களைக் கருவி எண்ணோடு தமிழில் அச்சிட்டு, தளப்படத்தோடு சேர்த்துச் சட்டமிட்டு, பேனலுக்குப் பக்கத்துச் சுவரில், இரவில் விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் மாட்டிவிட்டு வாருங்கள்.